நாய்க்குப் பாயாசம் ஊற்றாதீர்கள்!

கிஸ்மிஸ் பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்
புளி, வெங்காயம், சாக்லேட்டிலும் ஆபத்து
எதைக் கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக் கூடாது?

சென்னை,

விசேஷ வீட்டில் பந்தி முடிந்ததும் மிஞ்சிய பாயாசத்தை நாய்த் தட்டில் ஊற்றி விடுவது வழக்கம். "பாவம், காலையிலே இருந்து வாசனை பிடிச்சிக்கிட்டே படுத்திருக்கு" என்று பாசத்தில் செய்கிற காரியம்தான் அது.

ஆனால் அந்தப் பாயாசத்தில் நெய்யில் வறுத்துப் போட்ட கிஸ்மிஸ் பழம் இருக்கிறதே, அது நாயின் உயிருக்கே உலை வைத்து விடும்!

பாயாசம் மட்டும் அல்ல. கேசரியில் இருக்கிறது. பிரியாணியில் சிலர் போடுகிறார்கள். பன், கேக் எல்லாவற்றிலும் இருக்கிறது. நமக்கு உடம்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் அதே பழம், நாய்க்கு விஷம்.

மனிதன் தின்பது எல்லாம் நாய்க்கும் ஆகும் என்று நினைப்பது தப்பு. நம் உடம்பு சில மணி நேரத்தில் கழித்துக் கட்டுகிற பொருளை, நாயின் உடம்பு ஒரு நாள் ஆனாலும் வெளியேற்ற முடியாமல் திண்டாடும். எது ஆகும், எது ஆகாது என்று வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக குழந்தைகளும் தாத்தா பாட்டியும், தெரிந்து வைத்திருப்பது நல்லது. தட்டில் இருந்து ரகசியமாக எடுத்துப் போடுகிறவர்கள் அவர்கள்தானே!

எத்தனை பழம்?

திராட்சை விஷயம் வெகு காலம் வரை யாருக்கும் தெரியாது. 2001-ம் ஆண்டில்தான், அமெரிக்காவில் உள்ள விலங்குகளுக்கான விஷத் தகவல் மையத்தின் டாக்டர்கள் இதை கால்நடை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். திராட்சையும் கிஸ்மிசும் தின்ற நாய்களுக்கு சிறுநீரகம் செயல் இழந்து போகிறது என்பதுதான் அந்தச் சேதி.

தின்ற சில மணி நேரத்தில் நாய் வாந்தி எடுக்கும். சுருண்டு படுத்துக் கொள்ளும். சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீர் குறைந்து, அப்புறம் நின்றே போகும். சிறுநீர் நின்று விட்டால் உயிர் பிழைப்பது கஷ்டம்.

"எத்தனை பழம் தின்றால் ஆபத்து?" என்று கேட்பார்கள். அங்கேதான் வில்லங்கம். ஒரு நாய் ஒரு கை நிறையத் தின்று விட்டு ஒன்றும் ஆகாமல் வாலை ஆட்டிக் கொண்டு திரியும். இன்னொரு நாய் நாலைந்து பழத்தில் படுத்து விடும். இவ்வளவு வரை பயம் இல்லை என்று எந்த டாக்டரும் கணக்கு சொல்வது இல்லை. பச்சை திராட்சை, கறுப்பு திராட்சை, விதை உள்ளது, விதை இல்லாதது, காய்ந்தது எல்லாம் ஒன்றுதான்.

புளியும் கூட்டாளி!

திராட்சையில் அப்படி என்ன விஷம் இருக்கிறது? இருபது ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடவில்லை. துப்பு கிடைத்தது ஒரு விளையாட்டு மாவில்!

மேல்நாடுகளில் குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டிலேயே ஒரு மாவு பிசைவார்கள். அது இறுகாமல் இருக்க 'கிரீம் ஆப் டார்ட்டர்' என்ற வெள்ளைப் பொடியைச் சேர்ப்பார்கள். அந்த மாவைத் தின்ற ஒரு நாய்க்கு வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வந்தன. திராட்சை தின்ற நாய்க்கு வருவது போலவே, அச்சு அசலாக!

அந்தப் பொடி டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் டார்டாரிக் அமிலம் உண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்ட டாக்டர்கள், "இந்த அமிலம்தான் குற்றவாளி" என்று 2021-ல் எழுதினார்கள். பழத்துக்குப் பழம் இந்த அமிலம் கூடும், குறையும். அதனால்தான் ஒரு நாய் தப்புகிறது, இன்னொன்று மாட்டிக் கொள்கிறது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். இருக்கிறது!

நம் சமையல் அறையில் டார்டாரிக் அமிலம் அதிகமாக உள்ள சரக்கு எது தெரியுமா? புளிதான். புளியின் புளிப்பு பெரும்பாலும் அந்த அமிலத்தால் வருவது. புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டது என்று 2022-ம் ஆண்டில் அதே டாக்டர்கள் விவரம் வெளியிட்டார்கள்.

ஆகவே, புளி உருண்டை, புளியோதரை, வத்தக் குழம்பு, புளிக் காய்ச்சல் இவற்றை நாய் அண்ட விடக் கூடாது. புளியைப் பிழிந்து விட்டு சக்கையைக் கொல்லையில் வீசுவதும் வேண்டாம். தரையில் சிந்திய ஒரு சொட்டு ரசத்தை நாய் நக்கி விட்டால் அலற வேண்டியது இல்லை. ஆனால் தினமும் ரசம் சாதம், குழம்பு சாதம் என்று பிசைந்து வைப்பதை நிறுத்திக் கொள்வதே புத்திசாலித்தனம்.

வெங்காயம்: மெதுவாகக் கொல்லும்

குழம்பு சாதத்தில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்து இருக்கிறது. அதுதான் வெங்காயம். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத் தாள், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம்.

வெங்காயத்தில் உள்ள கந்தகச் சத்து நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கிறது. அணுக்கள் உடைந்தால் ரத்த சோகை. ஈறு வெளுத்துப் போகும். நாய் நாலு படி ஏறினாலே மூச்சு இரைக்கும். சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரிப் போகும்.

இதில் மோசம் என்னவென்றால், தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். அதற்குள் என்ன தின்றது என்பதே வீட்டில் இருப்பவர்களுக்கு மறந்து போயிருக்கும்!

நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தம் பாதிக்கப்படும் என்பது டாக்டர்கள் கணக்கு. பத்து கிலோ நாய்க்கு 150 கிராம். அதாவது நடுத்தர அளவில் இரண்டு வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் சேர்ந்து கெடுதல் செய்யும். பூண்டு, வெங்காயத்தை விடக் காட்டமானது.

"வேக வைச்சாச்சே, இனிமே என்ன?" என்று சொல்லக் கூடாது. வேக வைத்தாலும் வதக்கினாலும் பொடி பண்ணினாலும் அந்த விஷம் போகாது. குழம்பில் இருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்து விட்டாலும், சாரம் குழம்பில்தான் இருக்கும்.

சாக்லேட் கணக்கு

பிறந்த நாள் வந்தால் குழந்தை ஒரு கடி கடித்து விட்டு, மீதியை நாயின் வாயில் போடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற பொருள் உண்டு. காபியில் உள்ள கெபினுக்குத் தம்பி முறை. மனித உடம்பில் இது பாதியாகக் குறைய 6 முதல் 10 மணி நேரம் ஆகும். நாய்க்கோ ஏறக்குறைய 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை நாயின் நெஞ்சு படபடவென்று அடிக்கும். நிலை கொள்ளாமல் அலையும். வாந்தி, பேதி வரும். அளவு மிஞ்சினால் வலிப்பு வந்து உயிர் போகும்.

சாக்லேட் கறுக்கக் கறுக்க விஷம் அதிகம். ஐந்து கிலோ எடை உள்ள ஒரு பொமரேனியனை எடுத்துக் கொள்வோம். அது நோயில் விழ:-

பால் சாக்லேட் என்றால் 50 கிராம் போதும்.
கறுப்புச் சாக்லேட் என்றால் 20 கிராம் போதும்.
கேக்குக்குப் போடும் கோகோ தூள் என்றால் 5 கிராமே போதும்!

முப்பது கிலோ லேப்ரடார் இதைவிட ஆறு பங்கு தாங்கும். அதற்காக வெள்ளோட்டம் பார்க்க வேண்டாம். வெள்ளை சாக்லேட்டில் இந்தப் பொருள் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம் என்பதால் அதுவும் நல்லது அல்ல.

காபி குடிக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பில்டரில் இருந்து தட்டிய காபிச் சக்கையை நாய் கிளறும் குப்பைக் கூடையில் போடாதீர்கள். டிகாக்ஷன் இறங்கிய பிறகும் சக்கையில் கெபின் மிச்சம் இருக்கும்.

சர்க்கரை இல்லாத இனிப்பு

சர்க்கரை வியாதிக்காரர்கள் வீட்டில் இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், பற்பசை, கேக் சிலவற்றில் 'சைலிடால்' என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். மனிதனுக்குக் கெடுதல் இல்லை. நாய்க்கோ இருப்பதிலேயே வேகமான விஷம் இதுதான்.

சைலிடால் உள்ளே போனதும், "சர்க்கரை வந்து விட்டது" என்று நாயின் உடம்பு ஏமாந்து போகிறது. இன்சுலினைக் கொட்டித் தீர்க்கிறது. ரத்தத்தில் இருந்த சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் நாய் தள்ளாடும், விழும், வலிப்பு வரும். அளவு கூடினால் கல்லீரலும் கெடும்.

கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே சர்க்கரை இறங்கும். அதாவது ஐந்து கிலோ நாய்க்கு அரை கிராம். சில வகை சூயிங்கத்தில் ஒன்றிரண்டு தின்றாலே இந்த அளவு வந்து விடும். பாக்கெட்டில் உள்ள பட்டியலில் சைலிடால் என்றோ, இ-967 என்றோ போட்டிருந்தால் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நம் பற்பசையால் நாய்க்குப் பல் தேய்த்து விடும் வேலையும் வேண்டாம்.

பிரியாணி எலும்பு

"நாய்க்கு எலும்பு போடாம வேற யாருக்குப் போடறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் வேக வைத்த எலும்பு வேறு. வெந்ததும் எலும்பு உலர்ந்து, கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். கோழி எலும்பு இதில் மகா மோசம். தொண்டையில் குத்தும். குடலைக் கிழிக்கும். குடலில் அடைத்துக் கொண்டால் ஆபரேஷன்தான் வழி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பை இலையோடு வாசலில் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடைத்துக் கொள்ளும் சாமான்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, மாங்கொட்டை. மாம்பழச் சதையைத் தாராளமாகக் கொடுக்கலாம். கொட்டையைச் சப்பக் கொடுத்தால் அப்படியே விழுங்கி விடும். மற்றொன்று, கடற்கரையில் சுட்ட சோளம் தின்று விட்டு வீசும் தக்கை. மசாலா வாசனைக்கு நாய் அதைக் கடித்து விழுங்கும். அது ஜீரணம் ஆகாது. குடலில் போய் ஆப்பு மாதிரி உட்காரும்.

எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, வடை, சிக்கன் பக்கோடா ஆகியவை கணையத்தை வீங்கச் செய்யும். நாய் முதுகைக் குனித்துக் கொண்டு வலியில் நிற்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றில் உப்பு அளவு கடந்தது.

தயிர் சாதம் ஆகுமா?

ஆகும். ஆனால் தாளிக்காமல், உப்பு தூக்கலாகப் போடாமல், கொஞ்சமாக. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குறைவு. பால் ஊற்றினால் வயிற்றால் போகும். தயிராகத் தோய்ந்த பிறகு அந்தச் சர்க்கரை குறைந்து விடுவதால் தயிர் அவ்வளவாகப் படுத்தாது.

பயப்படாமல் கொடுக்கக் கூடியவை இவை:-

வெறும் சாதம், வெறும் இட்லி.
வேக வைத்த முட்டை.
உப்பு, மசாலா போடாமல் வேக வைத்த எலும்பு இல்லாத கோழிக் கறி.
வேக வைத்த கேரட், பீன்ஸ், பூசணிக்காய்.
வாழைப்பழம். விதை நீக்கிய பப்பாளி, தர்ப்பூசணி.

இவையும் தீனிதான், முழுச் சாப்பாடு அல்ல. நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் இப்படிப்பட்ட தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. வெறும் சோறே போட்டு வளர்த்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் நாய் நோஞ்சானாகி விடும்.

"அந்தக் காலத்து நாய் தின்னலியா?"

பெரியவர்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. "எங்க ஊர்லே நாய்க்குத் தனியா ஆக்கியா போட்டோம்? மிச்சம் மீதியைத் தின்னு பதினாலு வருஷம் இருந்துச்சே!"

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஓநாய் நாயானதே மனிதன் போட்ட மிச்சத்தைத் தின்றுதான் என்று சொல்லலாம். சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2013-ல் இதற்கு ஒரு சாட்சி காட்டினார்கள். மாவுச் சத்தை ஜீரணிக்க உதவும் ஒரு மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாய்க்கு 4 முதல் 30 வரை இருக்கிறது! சோறு தின்னப் பழகிய பிராணி நாய் என்பதற்கு இதை விட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் அந்தக் காலத்து மிச்சம் எது? வடித்த கஞ்சி, பழைய சோறு, மீன் தலை, கேழ்வரகுக் களி. கோகோ கேக்கும் சைலிடால் மிட்டாயும் அப்போது ஏது? கிஸ்மிஸ் பாயாசம் ஆண்டுக்கு ஒரு தடவை. அது நாய்த் தட்டு வரை வந்து சேருவதே அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. திடீர் என்று படுத்துச் செத்த நாயை அந்தக் காலத்தில் யார் டாக்டரிடம் தூக்கிப் போனார்கள்? "ஏதோ பாம்பு தீண்டியிருக்கும்" என்று குழி தோண்டிப் புதைத்தார்கள். பதினாலு வருஷம் இருந்த நாய்தான் நினைவில் நிற்கிறது. இரண்டு வருஷத்தில் போன நாயை யார் கணக்கு வைத்தார்கள்?

கடைக்காரர், ஆபீஸ்காரர் கவனத்துக்கு

வீட்டு நாய்க்கு ஒரு எஜமானர் இருக்கிறார். தெரு நாய்க்குத் தெருவே எஜமானர்.

டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் போடுகிறார்கள். நல்ல மனசுதான். சாக்லேட் கிரீம் வைத்த பிஸ்கட், கிஸ்மிஸ் வைத்த பன், கேக் துண்டு இவற்றைத் தவிர்த்து சாதா பிஸ்கட், வெறும் ரொட்டி என்று போட்டால் பாதகம் இல்லை. அதையும் விட நல்லது ஒரு அவித்த முட்டை. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் அதைவிடப் புண்ணியம்.

ரெயில் நிலையப் பிளாட்பாரத்தில் டிபன் பாக்ஸ் மிச்சத்தைத் தட்டி விட்டுப் போகிறவர்கள் பலர். தயிர் சாதம் என்றால் சரி. புளியோதரை, வெங்காய சாம்பார் சாதம் என்றால் குப்பைத் தொட்டியில் போடுவதே அந்த வாயில்லாப் பிராணிக்குச் செய்கிற உபகாரம். தெரு நாய் வலிப்பில் விழுந்தால் தூக்கிக் கொண்டு ஓட ஆள் கிடையாது.

தின்று விட்டால்?

இவ்வளவு சொல்லியும் நாய் தின்று விட்டது என்று வையுங்கள். என்ன செய்வது?

1. வாயில் மிச்சம் இருந்தால் உடனே எடுத்து விடுங்கள். கடிபடாமல், ஜாக்கிரதையாக.

2. எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக் கொள்ளுங்கள். காகிதமோ பாக்கெட்டோ இருந்தால் எறியாதீர்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும். நாயின் எடையும் தெரிந்திருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.

3. "நல்லாத்தானே இருக்கு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால் டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, விஷத்தை வெளியே கொண்டு வந்து விடுவார். நேரம் போகப் போக அது ரத்தத்தில் கலந்து விடும்.

4. உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள். உப்பே விஷமாகி விடும். எண்ணெய், சோப்புத் தண்ணீர், மோர் என்று வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் மூச்சு அடைக்கும்.

5. எலும்பு விழுங்கிய நாயையும், மயங்கிக் கிடக்கும் நாயையும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. எலும்பு திரும்பி வரும்போது மறுபடியும் கிழிக்கும்.

சென்னைவாசிகளுக்கு வேப்பேரி ஆஸ்பத்திரி தெரியாத இடம் அல்ல. 1903-ம் ஆண்டில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது அது. பக்கத்துத் தெருவில் தனியார் டாக்டர் இருந்தாலும் சரி. அவருடைய டெலிபோன் எண்ணை இன்றைக்கே எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சீட்டும் ஒட்டலாம். திராட்சை, கிஸ்மிஸ், புளி, வெங்காயம், பூண்டு, சாக்லேட், காபி, சைலிடால், வெந்த எலும்பு: இந்த ஒன்பதும் நாய்க்குக் கூடாது. வீட்டு வேலைக்கு வருகிறவர், வரும் விருந்தாளி, பேரப் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

நாய் எத்தனை கெஞ்சினாலும் சரி, அந்தச் சீட்டைப் பார்த்து விட்டுப் போடுங்கள்!